எண்ணெயை விரட்டிய பொற்கொடி

கலியாணமாகி ஜூஜுவாடிக்கு வந்த முதல் மழைக்காலம் முழுவதும், தன் கணவன் நிம்மதியாக உட்கார்ந்து பொற்கொடி பார்க்கவே இல்லை. சுடலைமுத்து நின்றபடி சாப்பிடுவான். சுவரில் சாய்ந்தபடி செய்தித்தாள் படிப்பான். படுத்தால் குப்புறத்தான் படுப்பான். இரண்டு தொடையிலும் இடுப்பைச் சுற்றியும் கருத்த முனை வைத்த கொப்புளங்கள். ஒன்று அமுங்கினால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும்.

ஓசூர் சிப்காட்டில் பற்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. இரும்பைக் கடையும் இயந்திரத்தில் சூடு தணிவதற்காக எண்ணெய் கொட்டிக்கொண்டே இருக்கும். அது தெறித்து, எதிரே நிற்பவனின் பேண்ட்டை இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைத்துவிடும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது நீலச் சீருடை கறுப்பாகியிருக்கும். பொற்கொடி தினமும் அதைத் துவைத்துப் போட்டாள். துவைப்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்தில் அவள் பிறந்த தெருவில், கொடியில் கிடக்கும் வேட்டியின் வெளுப்பைப் பார்த்தே அது அவள் வீட்டு வேட்டி என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இது தொத்து வியாதி இல்லம்மா. மெஷின் எண்ணெய் தோல்ல ஊறி, ரோமக்கால் அடைச்சுக்கிட்டு வர்றது. மருந்து தர்றேன். ஆனா அவர் போடுற துணியில எண்ணெய் இருக்கிற வரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும்."

"தினமும் துவைக்கேன் டாக்டர். அடிச்சுத் துவைக்கேன்."

"அழுக்கு போயிருக்கும். எண்ணெய் போகல."

வீட்டுக்கு வந்ததும் துவைத்துக் காய்ந்த பேண்ட் ஒன்றை எடுத்தாள். மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் பேண்ட்டைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். துணியைத் தூக்கியபோது காகிதத்தில் தொடையின் வடிவத்தில் ஒரு பெரிய கறை. அந்த இடத்தில் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. பஜ்ஜி மடித்த காகிதம் போல இருந்தது. பொற்கொடிக்கு முகம் சுண்டிப் போனது. இத்தனை நாளும் எண்ணெயைத்தான் காயவைத்து, மடித்து, கணவன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"இது நம்ம ஆத்துத் தண்ணி இல்லட்டி. போர் தண்ணி. இதுல அவ்வளவுதான் போவும்," என்றான் சுடலைமுத்து. "பேசாம வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருவமா?"

"எண்ணெய்க்குப் பயந்தா? நல்லா இருக்கே! ஒரு மாசம் பொறுங்க. நான் ஒரு கை பாக்கேன்."

அந்த லைன் வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள்தான். எல்லா வீட்டுக் கொடியிலும் அதே நீலச் சீருடைகள். எண்ணெய்க் கறைக்கு அங்கே எல்லோரும் கண்டிருந்த வைத்தியம் மண்ணெண்ணெய். பேண்ட்டை அதில் முக்கி எடுத்து, பிறகு கட்டிச் சோப்பு போடுவார்கள். பொற்கொடியும் போட்டுப் பார்த்தாள். கறை கலைந்தது போல இருந்தது. ஆனால் மண்ணெண்ணெய் வாடை துணியை விட்டுப் போகவில்லை, சுடலைமுத்துவின் தொடை நெருப்புப் பட்டது போலச் சிவந்துவிட்டது. ஓர் எண்ணெயை விரட்ட இன்னோர் எண்ணெயைக் கூட்டி வந்தது போலாயிற்று. அன்றோடு அதை விட்டாள்.

அடுத்து சோப்பைக் கவனித்தாள். ஊரில் ஒரு தேய்ப்புக்கே நுரை கொப்பளிக்கும். இங்கே எவ்வளவு தேய்த்தாலும் வாளியில் வெள்ளை வெள்ளையாகத் திரிதான் மிதந்தது, எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி. அந்தத் திரி துணியிலேயே போய் ஒட்டிக்கொண்டது. பாறையைத் துளைத்து எடுத்த தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும் சோப்பைப் பிடித்து வீணாக்கிவிடுகின்றன என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. சோப்பு இங்கே கெட்டுப்போகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டிச் சோப்பை ஒதுக்கிவிட்டு சலவைத் தூளுக்கு மாறினாள். தூள் திரியவில்லை.

ஆனாலும் செய்தித்தாளில் கறை விழத்தான் செய்தது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, முந்திய நாள் கறிக்குழம்பு வைத்த சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓசூர்க் குளிரில் சட்டியின் விளிம்பில் கொழுப்பு மெழுகாக உறைந்திருந்தது. பச்சைத் தண்ணீரில் தேய்க்கத் தேய்க்க அது சட்டி முழுவதும் இழுகியதே தவிரப் போகவில்லை. அடுப்பில் கொதித்த வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றித் தூளைத் தூவினாள். உறைந்ததெல்லாம் இளகித் தண்ணீரோடு போய்விட்டது. பொற்கொடி சட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். பிறகு நேரே வீட்டுக்காரம்மா வெங்கடம்மாளின் கொல்லைக்குப் போனாள்.

வெங்கடம்மாள் ஜூஜுவாடியிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், குடியிருப்பவர்களிடம் தமிழ். கொல்லையில் குளிப்பதற்கு வெந்நீர் போடும் பெரிய செப்பு அண்டா ஒன்றை அடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"அக்கா, எல்லாரும் குளிச்ச பெறவு அண்டாவுல மிச்சம் இருக்க வெந்நி எனக்கு வேணும்."

"எதுக்கும்மா? வயித்துல ஏதாச்சும் விசேஷமா?"

"அதெல்லாம் இல்ல. பேண்ட்டு துவைக்க."

வெங்கடம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "பேண்ட்டுக்கு வெந்நீர்க் குளியலா! ஏமம்மா இது! சரி எடுத்துக்கோ. விறகு மட்டும் நீ பொறுக்கிப் போட்டுடு."

கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் தாராளமாகத் தூள், அதில் பேண்ட்டை அமுக்கி ஊறவைத்தாள். தண்ணீர் ஆறுவதற்குள் தேய்த்துப் பிழிந்து, கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுச் சூடு, புதுத் தூள். அலசுவதற்கும் முதல் தண்ணீர் வெந்நீர்தான். பச்சைத் தண்ணீரில் அலசினால் துணி பிசுபிசுப்பதை விரல் சொல்லிவிட்டது. ஒவ்வொரு சலவைக்கும் பிறகு செய்தித்தாளை விரித்துத் தேய்த்துப் பார்த்தாள். கறை உள்ளங்கை அளவாகி, காசு அளவாகி, ஒரு நாள் காகிதம் வெறும் காகிதமாகவே இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினாள்.

"ஏங்க! இங்க வாங்களேன்! ஒண்ணுமே இல்ல பாத்தியளா!"

அந்தப் பொங்கலுக்குச் சுடலைமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையில் சாப்பிட்டான்.

*

லைன் வீடுகளில் எந்தச் சேதியும் மறைந்து கிடக்காது. முதலில் வந்தவள் பாப்பம்மா. பாகலூர்ப் பக்கத்துக்காரி. அவள் கணவன் கரியப்பனும் அதே கம்பெனியில், பற்சக்கரங்களைப் பூட்டும் பகுதியில் இருந்தான். அவளுக்குப் பின்னால் மற்ற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பொற்கொடி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். சிலர் கற்றுக்கொண்டு போனார்கள். சிலர், "எனக்கெங்க நேரம்? நீயே துவைச்சுக் கொடு, கூலி வாங்கிக்கோ" என்று மூட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். ரோஜாத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் பாப்பம்மா கூடவே நின்றாள். வெங்கடம்மாள் அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னோர் அடுப்பைக் கட்டினாள். "எங்க வூட்டுல புகை வராத நாளே இல்லை," என்று குறைப்பட்டுக்கொண்டே அவளும் வந்து துணி உலர்த்தினாள்.

கொப்புளம் சுடலைமுத்துவுக்கு மட்டும் வந்ததல்ல. கடைசல் பகுதியில் பாதிப் பேருக்கு அது இருந்தது, வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். அவனுக்குக் குணமான பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். தொழிலாளர் நலனைக் கவனித்த அதிகாரி அசோக்குமார் காதுக்கும் விஷயம் போனது. அவர் பொற்கொடியை வரச்சொன்னார்.

"பெங்களூர்ல ஒரு லாண்டரிகிட்ட பேசிட்டிருக்கோம்மா. அதுக்குள்ள உங்க சலவையையும் பார்த்துடலாம்னு தோணுது. ஒரு ஷிப்டோட யூனிபார்ம் மொத்தமும் அனுப்புறேன். செஞ்சு காட்டுங்க."

பொற்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் வந்து இறங்கிய மூட்டைகள் கொல்லையை அடைத்தன. இத்தனையையும் வாளி வாளியாகத் துவைத்தால் எப்போது முடியும் என்று, வெங்கடம்மாள் வீட்டுத் தொட்டியைக் கழுவி, வெந்நீர் நிரப்பி, தூளைக் கொட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கினாள். அதே தூள், அதே வெந்நீர். பிறகு உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தாள். ரொம்ப அழுக்காக வந்தவை கொஞ்சம் தெளிந்திருந்தன. ஏறக்குறையச் சுத்தமாக வந்தவையெல்லாம் சாம்பல் பூத்து, தொட்டால் வழுவழுத்தன. மறு சலவைக்கு நாளில்லை. அப்படியே அனுப்ப வேண்டியதாயிற்று.

மூட்டைகள் திரும்பி வந்தன. கூடவே கரியப்பனின் குரலும் வந்தது. "எம் பேண்ட்டு நல்லாத்தான் இருந்துச்சி தங்கச்சி! எவனோ மெஷின்காரன் எண்ணெய எல்லாம் எனக்குப் பூசி அனுப்பிச்சிட்டியே!"

பொற்கொடி மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டாள். அன்று அவள் சமைக்கவில்லை. சுடலைமுத்துதான் உப்புமா கிண்டினான். "ஒரு பேண்ட்டுல ஜெயிச்சவளுக்கு நூறு பேண்ட்டுல என்ன வந்துச்சு? எண்ணெய் அதேதான?" என்றான்.

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. எண்ணெய் அதேதான். தூளும் அதேதான்.

*

இரண்டு நாள் கழித்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். ஸ்வாதி. கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை. வேதியியல் படித்தவள், பொற்கொடியைவிட நாலைந்து வயது சின்னவள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பற்சக்கரங்களைக் கழுவும் தொட்டி அவள் பொறுப்பில் இருந்தது.

"அக்கா, திரும்பி வந்த துணியில ஒண்ணு வேணும். என் தொட்டியிலயும் இதே தொல்லை. காலையில கழுவின சக்கரத்துல பெயிண்ட் நல்லாப் புடிக்குது. மத்தியானத்துக்கு மேல கழுவினதுல உரிஞ்சு வந்துடுது. ரெண்டும் ஒரே விஷயமோன்னு சந்தேகம்."

பொற்கொடி துணியை எடுத்து வந்தாள். அதோடு தான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கட்டிச் சோப்பு திரிந்தது, சட்டியில் உறைந்த கொழுப்பு, வெந்நீர், செய்தித்தாள் எல்லாம். ஸ்வாதி துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "உங்ககிட்ட கண்ணாடிப் பாத்திரம் இருக்கா?" என்றாள்.

வெங்கடம்மாள் வீட்டிலிருந்து ஊறுகாய் ஜாடி ஒன்று வந்தது. ஸ்வாதி பையிலிருந்து ஒரு சின்ன இரும்புத் தகட்டை எடுத்து, அதில் கறுத்த இயந்திர எண்ணெயைத் தடவி, ஜாடிக்குள் வைத்து வெந்நீரை ஊற்றினாள். எண்ணெய் அசையவில்லை. தகட்டோடு தகடாகப் படிந்து கிடந்தது. பிறகு சலவைத் தூளைக் கரைத்து ஓரமாக விட்டாள்.

பொற்கொடியும் வெங்கடம்மாளும் பாப்பம்மாவும் குனிந்து பார்த்தார்கள்.

எண்ணெய்ப் படலத்தின் விளிம்பு மெல்ல உள்ளே சுருங்கியது. எண்ணெய்க்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. பரந்து கிடந்தது குறுகிக் குறுகி மேடாகி, உருண்டையாகி, ஒரு மெல்லிய காம்பில் நின்று ஆடியது. சட்டென்று காம்பு அறுந்து, உருண்டை மேலே மிதந்து வந்தது. தகட்டில் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது.

"அடி ஆத்தீ!" என்றாள் பொற்கொடி. "பிடியை விட்டுட்டு ஓடுதே!"

"தூள்ல இருக்கிற ஒவ்வொரு துகளுக்கும் ஒரு தலை, ஒரு வால்னு வெச்சுக்குங்க," என்றாள் ஸ்வாதி. " தலைக்குத் தண்ணின்னா இஷ்டம். வாலுக்குத் தண்ணியே ஆகாது, எண்ணெய்தான் வேணும். அதனால வாலெல்லாம் எண்ணெயில போய்க் குத்திக்கும், தலையெல்லாம் வெளியில தண்ணியப் பாத்து நிக்கும். எண்ணெயச் சுத்தி இப்படி வேலி கட்டினதுக்கப்புறம் அது தண்ணியோட ஆளாயிடுது. திரும்பத் துணியில ஒட்டாது. ஆனா..."

"வேலி கட்ட ஆள் இருக்கணும்," என்றாள் பொற்கொடி.

ஸ்வாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"தொட்டியில நான் போட்ட தூளு மெஷின்காரங்க எண்ணெயைத் தூக்கவே சரியாப் போச்சு. அதுக்கு மேல வந்த எண்ணெய்க்கு வேலி கட்ட ஆள் இல்ல. அது சும்மா அலைஞ்சு, கரியப்பண்ணன் பேண்ட்டுல போய்ப் படுத்துக்கிட்டு. அப்படித்தானே?"

"அப்படியேதான்க்கா! என் தொட்டியிலயும் மத்தியானம் அதான் நடக்குது. காலையிலேர்ந்து வந்த எண்ணெயெல்லாம் அதுலயே இருக்கு. நான் சூட்டைக் கூட்டிக்கிட்டே இருந்தேன், தண்ணிய மாத்தணும்னு தோணல."

"நுரை செத்துரும் பாருங்க," என்றாள் பொற்கொடி. "வாளியில எண்ணெய் சாஸ்தியானா நுரை அப்படியே அடங்கிரும். எனக்கு அது தெரியும். ஆனா தொட்டியில அவசரத்துல பாக்கல."

அன்று பொழுது சாயும் வரை ஜாடியோடு விளையாடினார்கள். வெந்நீர் ஆறினால் எண்ணெய் எப்படிச் சோம்பிப் போகிறது, போர் தண்ணீரில் முதலில் சலவைச் சோடா போட்டுவிட்டால் சுண்ணாம்பெல்லாம் அதோடு போய்விட, தூள் முழுசாக எண்ணெய்க்கு மிஞ்சுவது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பருத்தித் துணியைவிட பாலியஸ்டர் கலந்த துணி எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பாப்பம்மா கண்டாள். "இந்தத் துணிக்கு எண்ணெய்ன்னா உசுரு போல," என்றாள். சீருடை அந்தக் கலப்புத் துணிதான். அதற்கு ஊறும் நேரம் கூட வேண்டும் என்று முடிவாயிற்று.

போகும்போது ஸ்வாதி பொற்கொடியின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினாள். வெடித்து வரி வரியாக இருந்தது.

"தூளுக்கு மெஷின் எண்ணெய், தோல் எண்ணெய்ன்னு வித்தியாசம் தெரியாதுக்கா. எல்லாத்தையும் கழட்டிடும். இனிமே ரப்பர் கையுறை இல்லாம தொடாதீங்க."

வெங்கடம்மாள் உள்ளே போய் விளக்கெண்ணெய்க் குப்பியோடு வந்தாள். "எண்ணெய விரட்டுறவளுக்கு எண்ணெயே மருந்தா!" என்று சிரித்துக்கொண்டே பொற்கொடியின் கையில் ஊற்றினாள்.

*

இன்னொரு தடவை வாய்ப்பு கேட்டு பொற்கொடி போனாள். அசோக்குமார் யோசித்தார். மனசில்லாதவர் அல்ல. ஆனால் முதல் தடவை ஆட்கள் போட்ட கூச்சலை அவர்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

"போன தடவை தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன் சார். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டேன். இந்தத் தடவை மூணா பிரிச்சுக் கொடுங்க. மெஷின்ல நிக்கவங்க துணி தனி, பூட்டுறவங்க துணி தனி, ஸ்டோர்க்காரங்க துணி தனி. துவைச்ச துணியை இங்கேயே கேண்டீன்ல வச்சு எல்லாரும் பாக்கட்டும். எவர் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எடுத்துப் பாக்கட்டும்."

"எல்லார் முன்னாடியுமா? நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுத்தான் சார் வந்திருக்கேன்."

அந்த வாரம் வெங்கடம்மாள் கொல்லையில் அடுப்பு ஓயவில்லை. முதலில் தண்ணீரில் சோடா, பிறகு தூள். தொட்டியில் பாதிக்கு மேல் துணி போடவில்லை. நுரை அடங்கியதும் பாப்பம்மா, "செத்துப்போச்சி! செத்துப்போச்சி!" என்று கத்துவாள், உடனே தண்ணீரை மாற்றுவார்கள். முதல் அலசு வெந்நீரில், பிறகுதான் பச்சைத் தண்ணீர். கறுத்த தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது, பக்கத்து ராகிக் கொல்லை கெட்டுவிடும் என்று ஸ்வாதி சொல்லியிருந்தாள். அதைப் பீப்பாய்களில் பிடித்துக் கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்துக்கே வேனில் அனுப்பினார்கள். சுடலைமுத்து லீவு போட்டுவிட்டுப் பீப்பாய் உருட்டினான்.

கேண்டீனில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்திருந்தது. பொற்கொடி இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டு நின்றாள். தட்டோடு வந்து சூழ்ந்தவர்களில் கரியப்பன்தான் முன்னால் வந்தான். அவன் தன் பேண்ட்டை எடுக்கவில்லை. மெஷின் பகுதி அடுக்கின் அடியில் கையை விட்டு, இருப்பதிலேயே பழைய, இத்துப்போன பேண்ட் ஒன்றை உருவினான்.

"இது முனிராஜோடது. இது பொறந்த நாள்லேர்ந்து கறுப்பு. இதப் போடு பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. முனிராஜும் சிரித்தான். பொற்கொடி பேண்ட்டை விரித்து, தொடைப் பகுதியில் பெட்டியை வைத்து, மெதுவாக அழுத்தித் தேய்த்தாள். ஆவி எழுந்தது. கரியப்பன் தானே துணியைத் தூக்கினான். காகிதத்தை எடுத்துக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தான். திருப்பினான். மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தான்.

"என்னாடா, இருக்குதா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

கரியப்பன் காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கினான். "ஒரு பொட்டு இல்லடா! ஒரு பொட்டு எண்ணெய் இல்ல!"

கேண்டீன் அதிர்ந்தது. தட்டில் கரண்டியால் தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். முனிராஜ் தன் பேண்ட்டை வாங்கி இடுப்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "இது நீலக் கலரா!" என்றான். இன்னும் நாலைந்து பேர் தங்கள் துணியை வைத்துத் தேய்க்கச் சொன்னார்கள். ஒன்றில் மட்டும் இடுப்புப் பட்டையின் மடிப்பில் இலேசாக ஒரு கறை விழுந்தது. பொற்கொடி அதை மறைக்கவில்லை. "மடிப்புக்குள்ள தண்ணி போவல. இனிமே மடிப்பை விரிச்சு ஊறப்போடுவோம்," என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

அந்த ஒரு பேச்சுதான் தன்னைத் தீர்மானிக்க வைத்தது என்று அசோக்குமார் பிற்பாடு பலரிடம் சொன்னார். பெங்களூர் லாண்டரிக்குச் சேதி போகவில்லை. கம்பெனி வளாகத்தில், கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஷெட் ஒன்றைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். பாய்லரிலிருந்து வெந்நீர்க் குழாய் இழுத்தார்கள். முதல் நாள் அந்தக் குழாயைத் திறந்து, கையுறைக் கையால் வெந்நீரைத் தொட்டபோது பொற்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்கடம்மாள்தான் விறகு பொறுக்குகிற வேலை போச்சே என்று தேங்காய் உடைத்துச் சிரித்தாள்.

அடுத்தடுத்த வருஷங்களில் சுழலும் சலவை இயந்திரங்கள் வந்தன. லைன் வீடுகளிலிருந்தும் பாகலூரிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பாப்பம்மா துணி பிரிக்கும் பகுதிக்குத் தலைவி ஆனாள். எந்த மூட்டையில் எவ்வளவு எண்ணெய் என்று தூக்கும்போதே சொல்லிவிடுவாள். ஸ்வாதியின் கழுவும் தொட்டியில் மத்தியானமும் பெயிண்ட் ஒட்டியது. கம்பெனி மருத்துவ அறைக்குக் கொப்புளத்தோடு வருபவர்கள் குறைந்து, பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களில் ஓரிருவர் மட்டும் வந்தார்கள். அவர்களுக்கு நர்ஸ் ஜெயமணி மருந்தைக் கொடுத்துவிட்டு, "வீட்டுல துவைக்காதீங்க, ஷெட்டுல போடுங்க," என்பாள்.

சுடலைமுத்து இப்போது உட்கார்ந்து ஓட்டுகிற வேலையில் இருந்தான். சலவை வேன்.

இரண்டாயிரத்து எட்டில் அத்திப்பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி இதே மாதிரி ஒரு சலவை ஷெட் போட்டிருந்தது. அங்கே சேர்ந்திருந்த பெண்களுக்கு ஒரு நாள் வந்து செய்து காட்ட வேண்டும் என்றார்கள். எல்லோரும் கன்னடக்காரர்கள். பொற்கொடிக்கு வெங்கடம்மாளிடமும் கடைத்தெருவிலும் கேட்ட கன்னடம் மட்டும்தான் கைவசம்.

"எனக்குச் சரியாப் பேச வராதே," என்றாள்.

"எண்ணெய்க்குக் கன்னடத்துலயும் எண்ணெதாம்மா," என்றாள் வெங்கடம்மாள். "மீதிய கையால பேசு."

அப்படியே பேசினாள். தலையைத் தொட்டுக் காட்டி, "இது நீரு" என்றாள். புடவை முந்தானையை வாலாகப் பிடித்து ஆட்டி, "இது எண்ணெ" என்றாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அவள் தண்ணீரை மாற்றச் சொன்ன இடங்களில் சரியாக மாற்றினார்கள். சாயங்காலம் முதல் துணிகள் காய்ந்து வந்தபோது அவர்களே ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி கையை உயர்த்தி, "எண்ணெ ஹோய்த்து!" என்று கூவினாள். போய்விட்டது என்று அர்த்தம். மற்றவர்களும் சேர்ந்து கூவினார்கள். பொற்கொடியும் அவர்களோடு சேர்ந்து, தன் நெல்லைக் குரலில், "ஹோய்த்து! ஹோய்த்து!" என்று கத்தினாள்.

திரும்பும்போது வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சோதனைச் சாவடியில் லாரிகள் நீளமாக நின்றன. வரிசையில் காத்திருந்த நேரத்தில் சுடலைமுத்து கேட்டான், "எப்படிப் போச்சு?"

"மைசூர்லேருந்தும் கூப்பிடுதாங்களாம்," என்றாள் பொற்கொடி. "வண்டிய எடுங்க, முன்னால லாரி நவுந்துட்டு."